கயிற்றின் மறுமுனையில் ஒரு ஆளை விட்டு வையுங்கள்

எங்கள் க்ளைம்பிங் மையத்தின் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். போன வாரம் நுழைவாயில் பலகையில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்தேன். உயரச் சுவரில் தொங்கும் பன்னிரண்டு கயிறுகளையும் இறக்கப் போகிறீர்கள். உச்சி வழியாக முன்பே போட்டிருக்கும் டாப் ரோப் எட்டு, ஏறுபவர் தானே மாட்டிக்கொண்டு போகும் லீட் நாலு, எல்லாமே. சுவரின் ஒரு பாதியில், ஆள் இல்லாமல் தானே தாங்கிப் பிடிக்கும் ஆட்டோ பிலே பெட்டிகள் வரும். மறுபாதியை உயரம் குறைத்து வெட்டி, கயிறில்லாமல் தாழ்ந்த சுவரில் ஏறும் பவுல்டரிங் பகுதியோடு சேர்த்துவிடுவீர்கள். பிலே, அதாவது ஏறுபவரின் கயிற்றைக் கீழே நின்று பிடிப்பது, அதற்கான வகுப்பு இனி கிடையாது. கருத்து இருந்தால் எழுதிப் பெட்டியில் போடலாம் என்று கீழே சின்ன எழுத்தில் இருந்தது. என் கருத்து அந்தப் பெட்டியின் வாய்க்குள் நுழையாது போலிருந்தது. அதனால்தான் இந்த மடல். உங்களுக்குத்தான் எழுதுகிறேன் என்றாலும், கூட ஏறுகிறவர்களும் படிக்கட்டும் என்று திறந்தே வைக்கிறேன். அவர்களிடம் சொல்ல வேண்டியதும் கொஞ்சம் இருக்கிறது.

முதலில் உங்கள் பக்கத்து நியாயம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பவுல்டரிங் மெத்தையில் கால் வைக்க இடம் இருக்காது. அதே நேரத்தில் உயரச் சுவரடியில் நாலு ஜோடி நின்றால் அதிகம். எந்தத் தரை உங்களுக்குச் சம்பாதித்துக் கொடுக்கிறது என்று தெரிந்துகொள்ளக் கணக்குப் புத்தகத்தைப் புரட்ட வேண்டியதில்லை. கயிறுகளை அடிக்கடி கையால் தடவிப் பார்த்து, மேலுறை நைந்ததைக் கழித்து, புதிது மாற்ற வேண்டும். வருகிற ஒவ்வொருவருக்கும் பிலே பிடிக்கத் தெரியுமா என்று சோதிக்க ஒரு ஆள் நிற்க வேண்டும். பவுல்டரிங்குக்கு இந்த வேலையெல்லாம் இல்லை. ஷூ, வேர்வைக்குக் கையில் பூசும் பொடி வைக்கும் சாக் பை, நாலு நாலரை மீட்டர் சுவர், கீழே தடித்த மெத்தை. விழுந்தால் அப்படியே எழுந்து உட்கார்ந்து, அடுத்தவர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே பேசலாம். எனக்கும் பிடிக்கும். வாரத்தில் ஒரு நாள் நானும் அங்கேதான் கிடக்கிறேன். (கணுக்கால் சுளுக்கிக்கொண்டதும் அங்கேதான். உயரம் குறைச்சல், அடிபடாது என்று நினைப்பவர்கள் என்னைப் போல ஒரு வாரம் நொண்டிப் பார்க்கட்டும். பவுல்டரிங்கில் எப்படி விழுந்தாலும் தரைக்குத்தான் வந்து சேர வேண்டும்.)

ஆட்டோ பிலேயையும் குறை சொல்ல வரவில்லை. சுவரின் உச்சியில் ஒரு பெட்டி, அதிலிருந்து இறங்கும் பட்டை, பட்டையின் நுனியில் காரபினர் என்கிற பூட்டுக் கொக்கி. ஏற ஏறப் பட்டையை உள்ளே சுருட்டிக்கொள்ளும். கையை விட்டால் நிதானமாக இறக்கிவிடும். சில பெட்டிகளில் பிரேக் பிடிப்பதே காந்தம்தான். காந்தப் புலத்துக்குள் உலோகம் வேகமாக நகரும்போது அதற்குள் சுழல் மின்னோட்டம் உண்டாகி, அந்த வேகத்தையே எதிர்த்து அமுக்குகிறது. வேகம் கூடினால் எதிர்ப்பும் கூடும். ஒன்றோடொன்று உரசித் தேய எதுவும் இல்லை. யார் செய்த யோசனையோ, அழகான யோசனை. துணை இல்லாமல் வருகிறவருக்கு, பிறர் பார்க்க ஏறக் கூச்சப்படுகிறவருக்கு, விடாமல் இருபது தடவை ஏறி இறங்கித் தம் பிடிக்கப் பழகுகிறவருக்கு அது வரப்பிரசாதம். இரண்டு பெட்டி மாட்டுங்கள், மூன்று மாட்டுங்கள். கயிறுகளை மொத்தமாக இறக்காதீர்கள் என்பதுதான் நான் கேட்பது.

ஏன் என்று சொல்ல என் கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், நாற்பத்து மூன்று வயதில் இங்கே முதல் தடவை வந்தேன். ஸ்டூல் மேல் நின்று விளக்கு மாட்டுவதற்கே யோசிக்கிற ஆள் நான். கூட வருவதாகச் சொன்ன நண்பர் கடைசி நிமிஷத்தில் கழன்றுகொண்டார். பிலே வகுப்பில் ஒற்றை ஆளாக நின்றேன். இன்னொரு ஒற்றை ஆள், என்னைவிடப் பத்து வயதாவது மூத்த ஒரு அம்மா. ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர் என்பது அப்புறம் தெரிந்தது. பயிற்சியாளர் எங்கள் இருவரையும் ஒரே கயிற்றில் கட்டிவிட்டுப் போனார். ஒருவர் பெயரை ஒருவர் கேட்டுக்கொள்ளக்கூட இல்லை. அதற்குள் என் உயிர் அவர் வலது கையில்.

பாதிச் சுவரில் முட்டி தந்தியடிக்க ஆரம்பித்தது. கீழே பார்க்கக் கூடாது என்று தெரிந்தும் பார்த்தேன். உள்ளங்கை வேர்வையில் பிடி சோப்புக்கட்டி மாதிரி வழுக்கியது.

"இறக்கிடுங்க" என்றேன்.

"இறக்கறேன் தம்பி. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு வேலை. இடது முட்டிக்கு நேரா ஒரு மஞ்சள் பிடி இருக்கு பாருங்க. அது மேல காலை வெச்சு நிமிர்ந்து நில்லுங்க. மூணு மூச்சு விடுங்க. அதுக்கப்புறமும் இறங்கணும்னா இறக்கிடறேன்."

இடுப்பில் கயிறு ஒரு விரற்கடை இறுகியது. தூக்கிவிடுகிற இறுக்கம் இல்லை அது. ஆள் கீழே முழித்துக்கொண்டு நிற்கிறார் என்று தெரிகிற அளவுக்கு மட்டும். காலை வைத்தேன், மூச்சு விட்டேன், உச்சியைத் தொட்டுவிட்டுத்தான் இறங்கினேன். இந்த மையத்திலேயே ஆகச் சுலபமான ரூட் அது. இன்றைக்குப் பேசிக்கொண்டே ஏறிவிடுவேன். ஆனால் அன்று மேலே பெட்டி தொங்கியிருந்தால், இறக்கச் சொல்லி யாரிடமும் கேட்டிருக்க வேண்டாம். கையை விட்டிருப்பேன். அது இறக்கியிருக்கும். ஹார்னஸ் என்கிற இடுப்புப் பட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். மறுபடி வந்திருக்க மாட்டேன்.

ஏறுவதற்கு முன் இரண்டு பேரும் எதிரெதிரே நின்று சரிபார்த்துக்கொள்ளும் அந்த அரை நிமிஷத்தை நீங்கள் கிட்டத்தில் நின்று பார்த்ததுண்டா? ஏறுபவர் இடுப்பில் எட்டு முடிச்சு இருக்கும். முதலில் கயிற்றில் எட்டு என்ற எண் வடிவில் ஒரு முடிச்சுப் போட்டு, நுனியை ஹார்னஸின் கீழ் வளையத்திலும் மேல் வளையத்திலும் நுழைத்து, வந்த தடத்திலேயே அந்த எட்டைத் திரும்பவும் பின்தொடர வேண்டும். சரியாகப் போட்டால் ஜோடி ஜோடியாகக் கயிறு இணைந்து ஓடுவது ஐந்து இடத்தில் தெரியும். டீச்சர் ஒவ்வொரு ஜோடியையும் ஆள்காட்டி விரலால் தொட்டு எண்ணுவார். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. முடிச்சுக்கு அப்பால் வால் போதுமான நீளம் இருக்கிறதா என்று பார்ப்பார். அப்புறம் ஹார்னஸ் பக்கிளை இழுத்துப் பார்ப்பார். பிறகு என் முறை. பிலே கருவிக்குள் கயிறு சரியான பக்கம் நுழைந்திருக்கிறதா, காரபினரின் திருகு பூட்டியிருக்கிறதா, வெடுக்கென்று இழுத்தால் கருவி கவ்வுகிறதா. ஆறு வருஷம் சேர்ந்து ஏறிய பிறகும் எண்ணுகிறார். "இன்னுமா டீச்சர்?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். "நேத்து சரியா போட்டதுக்கும் இன்னிக்குப் போடறதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார்.

பழகப் பழக இதெல்லாம் தேவைப்படாது என்று நினைப்பவர்களுக்கு அமெரிக்க க்ளைம்பர் லின் ஹில்லுக்கு நடந்ததைச் சொல்கிறேன். 1989-இல், அவர் உலகின் முதல் வரிசைப் போட்டியாளராக இருந்த காலம். பிரான்சில் ஒரு பாறையில் ஏறத் தயாரானபோது முடிச்சைப் போட ஆரம்பித்து, நடுவில் கவனம் திரும்பி, முடிக்காமலே விட்டுவிட்டார். ரூட்டை முழுக்க ஏறிவிட்டார். உச்சியில் கயிற்றில் சாய்ந்தபோது கயிறு இடுப்பிலிருந்து உருவிக்கொண்டு போனது. இருபது மீட்டருக்கு மேல் விழுந்தார். இடையில் ஒரு மரம் இருந்ததால் பிழைத்தார். முழங்கை பிசகியது, பாதத்தில் எலும்பு உடைந்தது. நாலு வருஷம் கழித்து, 1993-இல், அமெரிக்காவின் யோசெமிட்டியில் எல் கேப்பிடன் பாறையின் 'நோஸ்' என்கிற வழியை, கருவிகளில் தொங்கி ஏறாமல் கை கால் பலத்தாலேயே முதன்முதலாக ஏறி முடித்தவரும் இவர்தான். ஆணோ பெண்ணோ அதுவரை யாரும் செய்யாத காரியம். கரணம் தப்பினால் மரணம் என்பார்கள். அவருக்குக் கரணம் எதுவும் தப்பவில்லை. தரையில் நின்று செய்ய வேண்டிய வேலை பாதியில் நின்றது, அவ்வளவுதான்.

ஆட்டோ பிலே விபத்துகளிலும் அடிக்கடி கேள்விப்படுவது இதே கதைதான். பெட்டி பழுதாவதைவிட, பட்டையை மாட்ட மறந்து ஏறிவிடுவது. பவுல்டரிங் பழக்கத்தில், மனசு வேறெங்கோ இருக்க, நேரே போய்ப் பிடியைப் பிடித்து ஏறத் தொடங்கிவிடுகிறார்கள். மேலே போய்க் கையை விடும்போதுதான் இடுப்பில் ஒன்றும் இல்லை என்று தெரிகிறது. அதற்காகத்தான் ரூட்டின் அடியில் முக்கோணமாக ஒரு தடுப்புத் துணியை மறித்துக் கட்டுகிறார்கள். அதில் மாட்டியிருக்கும் பட்டையைக் கழற்றினால்தான் வழி கிடைக்கும். நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனால் கழற்றிய பட்டையை இடுப்பின் முன்வளையத்தில் மாட்டாமல், சாமான் தொங்கவிடும் பக்கவாட்டு வளையத்தில் மாட்டினாலும் அந்தத் துணி வழிவிட்டுவிடும். பக்கவாட்டு வளையம் ஆள் எடையைத் தாங்கச் செய்ததல்ல. எதிரே ஒருவர் நின்றிருந்தால், "எங்கே மாட்டறீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பார்.

பிலே பிடிப்பது என்றால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பது என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் நினைக்கிறார்கள். உங்கள் அறிவிப்பை எழுதியவரும் அப்படித்தான் நினைக்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம். லீடில் ஏறுபவர் கயிற்றைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போய், சுவரில் தொங்கும் குவிக்டிரா என்கிற இரட்டைக் கொக்கியில் ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டே மேலே போகிறார். கடைசியாக மாட்டியதற்கு ஒரு மீட்டர் மேலே போய் வழுக்கினால் இரண்டு மீட்டர் விழுகை உறுதி, அதற்கு மேல் கயிற்றின் தொய்வும் நீட்சியும். இந்தக் கயிறு நீளும்படியே செய்யப்பட்டது. ஐரோப்பியத் தரப்படி, ஒற்றைக் கயிறாகப் பயன்படுத்துவதில் 80 கிலோவைச் சும்மா தொங்கவிட்டால் 10 சதவீதம் வரை நீளலாம். சோதனை விழுகையில் 40 சதவீதம் வரை போகலாம். விழுகிறவரின் முதுகெலும்பை அந்த நீட்சிதான் காப்பாற்றுகிறது. மிச்சத்தைக் காப்பாற்றுவது கீழே நிற்கிறவர். எடை கயிற்றில் விழுகிற நொடியில் லேசாக எம்பிக் கொடுத்தால், மேலே இருப்பவர் ஊஞ்சலில் உட்கார்ந்த மாதிரி நிற்பார். அடித்து நட்ட கம்பம் மாதிரி நின்றால், அவர் சுவரில் போய் மோதுவார். அதே ஆள் தரைக்குப் பக்கத்தில் இருக்கும்போது எம்பினால் காரியம் கெட்டது. 1991-இல் பெட்சல் நிறுவனம் கொண்டுவந்த கிரிகிரி மாதிரிக் கருவிகள், கயிறு திடீரென்று ஓடினால் தாமே கவ்விக்கொள்ளும். அப்படியும் பிரேக் பக்கத்துக் கயிற்றை விட்டுக் கை நகரக் கூடாது என்பதுதான் இன்றைக்கும் வகுப்பில் முதல் பாடம். எப்போது எம்புவது, எப்போது அமுக்கிப் பிடிப்பது என்று எந்தக் கருவியும் சொல்லாது.

எனக்கும் டீச்சருக்கும் இருபத்தைந்து கிலோ வித்தியாசம். லீடில் நான் முதல் தடவை விழுந்தபோது அவர் தரையிலிருந்து கிளம்பி முதல் குவிக்டிரா வரை வந்துவிட்டார். நான் கீழே போக, அவர் மேலே வர, நடுவழியில் சந்தித்துக்கொண்டோம். "சௌக்கியமா?" என்றார். அதற்குப் பிறகுதான் 'ஓம்' பயன்படுத்த ஆரம்பித்தோம். எடெல்ரிட் நிறுவனத்தின் உரசல் கருவி அது. முதல் குவிக்டிராவின் இடத்தில் மாட்டிவிட்டால், விழும்போது கயிற்றைக் கவ்வி, எடை குறைந்தவரைப் பறக்கவிடாமல் பார்த்துக்கொள்ளும். மின்தடையின் அலகுதான் அந்தப் பெயர். அதில் கயிற்றை மாட்டும்போதெல்லாம் டீச்சர் கண்ணை மூடி ஒரு தடவை ஓம் என்று சொல்லிக்கொள்வார். அது எந்த ஓம் என்று நான் கேட்டதில்லை.

சனிக்கிழமை காலை வருகிறவரை உங்கள் வரவேற்பு மேசையில் இருப்பவர்களுக்குத் தெரியும். வெளிச்சமும் இருட்டும் மட்டும் பிரித்தறிகிற அளவுக்குத்தான் அவருக்குப் பார்வை. ரூட்டின் நிறத்தை வைத்துப் பிடியைத் தேட அவரால் முடியாது. கீழே இரண்டு பேர் நிற்போம், கயிறு ஒருவர், குரல் ஒருவர். "வலது கை, ஒரு மணித் திசை, ஒரு முழம். உருண்டைப் பிடி, மேல் விளிம்பு நல்லா இருக்கு. இடது கால், முட்டி உயரம், உள்பக்கம்." அவர் விரல் சுவரில் ஊர்ந்து போய் அந்த விளிம்பைக் கண்டுபிடித்ததும் ஒரு தடவை தட்டுவார். கிடைத்துவிட்டது என்று அர்த்தம். மாற்றுத்திறனாளிகளுக்கான பாராக்ளைம்பிங் போட்டிகளில் பார்வையில்லாதோர் பிரிவில் இப்படிக் குரல் கொடுக்கும் துணையாளருக்கு அனுமதி உண்டு. 2028 லாஸ் ஏஞ்சலஸ் பாராலிம்பிக்கில் பாராக்ளைம்பிங் முதல் முறையாகச் சேருகிறது. எங்கள் சனிக்கிழமை ஆள் அங்கெல்லாம் போகப் போவதில்லை. அவர் கவலையெல்லாம் ஏழாம் எண் கயிற்றில் உச்சிக்கு முந்தைய அந்த ஒரு பிடிதான். ஆட்டோ பிலேயிலும் அவர் ஏறலாமே என்பீர்கள். ஏறலாம், குரல் கொடுக்க ஆள் இருந்தால். சுவரடியில் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிற பழக்கமே போய்விட்டால் அந்த ஆள் எங்கிருந்து வருவார்?

புதிதாக வருகிறவர்களின் விரலைப் பற்றியும் ஒரு வார்த்தை. தசை வாரக்கணக்கில் தேறிவிடும். விரலில் இருக்கும் தசைநாண்களும் அவற்றை எலும்போடு ஒட்டிப் பிடிக்கும் கப்பிகளும் அவ்வளவு சீக்கிரம் தேறாது. இரண்டாவது மாதத்திலேயே சின்ன விளிம்பில் முழு எடையையும் இழுத்து, மோதிர விரலில் பட்டென்று சத்தம் கேட்டவர்களை எனக்குத் தெரியும். ஏ2 என்று சொல்கிற கப்பிதான் பெரும்பாலும். பெரிய பிடிகள் வைத்த நீளமான சுலபமான ரூட்டுகளில் முதல் வருஷத்தைக் கழித்தால் அந்த அபாயம் குறையும். அந்த மாதிரி ரூட்டுக்கு உயரம் வேண்டும். நாலரை மீட்டரில் எதை நீளம் என்று சொல்வது?

உள்ளரங்கச் சுவரின் கதையைச் சொல்கிறவர்கள் வழக்கமாக 1964-இல் தொடங்குவார்கள். இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி கற்பித்த டான் ராபின்சன், ஒரு நடைபாதைச் சுவரில் கல் துண்டுகளைப் பதித்து ஏறப் பழக வழி செய்தார். அங்கே தொடங்கியது டோக்கியோ ஒலிம்பிக் வரை வந்துவிட்டது. 2020-க்கான அந்த ஒலிம்பிக் 2021-இல் நடந்தபோது நாங்கள் சிலர் ஒரே கைப்பேசியில் தலையை முட்டிக்கொண்டு பார்த்தோம். ஏறியதைவிட எனக்கு நினைவிருப்பது அதற்கு முந்தைய சில நிமிஷங்கள். போட்டிக்கு முன் சுவரைப் பார்க்க நேரம் தருவார்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் ஒரே பதக்கத்துக்கு மோதப் போகிறவர்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று, காற்றில் கையை வீசி, இந்தக் காலை இங்கே வைத்தால் எப்படி என்று ஒருவருக்கொருவர் யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள். வேறு எந்த விளையாட்டிலும் நான் அதைப் பார்த்ததில்லை.

ஸ்பீட் பிரிவில் மட்டும் ஆட்டோ பிலேதான் கட்டுகிறார்கள். பதினைந்து மீட்டர் சுவர், உலகம் முழுக்க ஒரே மாதிரி பிடிகள், ஒரே இடத்தில். 2024 பாரிஸில் அமெரிக்க வீரர் சாம் வாட்சன் அதை 4.74 வினாடியில் ஏறினார். அந்த வேகத்துக்கு எந்தக் கையாலும் கயிறு வாங்க முடியாது, நியாயம்தான். லீட் பிரிவில் இன்றும் கீழே ஒரு ஆள்தான் கயிறு பிடிக்கிறார். ஆளுக்கு எது, பெட்டிக்கு எது என்று அந்த விளையாட்டே பிரித்து வைத்திருக்கிறது. நீங்கள் ஏன் அதைக் குழப்ப வேண்டும்?

சரி, இப்போது கூட ஏறுகிறவர்களிடம் கொஞ்சம் பேச வேண்டும். நிர்வாகத்தினர் இந்த இடத்தில் காதைப் பொத்திக்கொள்ளலாம்.

கயிற்றுப் பகுதி காலியாகக் கிடப்பதற்கு நாமும்தான் காரணம். ஒரு தடவை ஜோடி சேர்ந்துவிட்டால் மூன்றாவது ஆளை உள்ளே விடுவதில்லை. பிலே வகுப்பு முடித்த கையோடு ஒரு பெண் வந்து, "யாராவது எனக்குக் கொஞ்ச நேரம் பிடிக்க முடியுமா?" என்று கேட்டபோது அங்கே நின்ற ஆறு பேரும் என்ன செய்தோம்? ஒருவர் சாக் பையைத் திறந்து பார்த்தார். ஒருவர் மேலே பார்த்தார். நான் குனிந்து ஷூ லேஸைச் சரிசெய்கிற மாதிரி பாவனை பண்ணினேன். என் ஷூவுக்கு லேஸே கிடையாது, வெல்க்ரோ. அந்தப் பெண் இப்போது பவுல்டரிங் மட்டும் செய்கிறார். எதிரில் பார்த்தால் புன்னகைப்பார். அது எனக்கு உறுத்துகிறது.

பிலே பிடிக்கும்போது காதில் இயர்போன் போட்டுக்கொள்கிறவர்களை என்ன சொல்வது. கேட்காமலே பீட்டா, அதாவது எப்படி ஏறுவது என்று சூட்சுமம், சொல்கிறவர்களும் உண்டு, அதில் நான் முதல் ஆள். ஒருவர் மாதக்கணக்கில் முட்டி மோதுகிற ரூட்டுக்குக் கீழேயிருந்து, "அந்த வலது பிடியைக் குறுக்காப் பிடிங்க" என்று விடையைப் போட்டு உடைத்துவிட்டேன். இறங்கி வந்தவர் என்னிடம் இரண்டு வாரம் பேசவில்லை. அவர் செய்தது சரி.

மறுபடி நிர்வாகத்துக்கு வருகிறேன். பன்னிரண்டும் வேண்டாம். டாப் ரோப் நாலு, லீட் இரண்டு, ஒரே மூலையில் நெருக்கமாக இருந்தால் போதும். வாரத்தில் ஒரு மாலையைத் துணை தேடுகிறவர்களுக்கு ஒதுக்குங்கள். தனியாக வருகிறவர் பெயரையும் எடையையும் எழுதி மாட்ட ஒரு ஆணிப்பலகை வையுங்கள். எடையைக் கேட்கிறார்களே என்று யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். இங்கே அது பாதுகாப்புக் கணக்கு. வகுப்பு மாதம் ஒன்றாவது நடக்கட்டும். சோதிக்க ஆள் இல்லை என்றால் எங்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பொறுப்பில் வையுங்கள். நானும் டீச்சரும் வாரம் ஒரு மாலை நிற்கிறோம், இன்னும் நாலு பேர் சம்மதம் சொல்லியிருக்கிறார்கள். கடைசி முடிவும் பொறுப்பும் உங்கள் பயிற்சியாளருடையதாகவே இருக்கட்டும். அந்த மூலையால் உங்களுக்கு நஷ்டம் இருக்காது என்று கயிறு திரிக்க மாட்டேன். இருக்கும். பவுல்டரிங் அளவுக்கு அது ஒரு நாளும் நிரம்பாது.

எதை ஒத்துக்கொள்ளாவிட்டாலும் சுவரை வெட்டுவதை மட்டும் ஒரு வருஷம் தள்ளிப் போடுங்கள். கயிற்றை இறக்கினால் நினைத்த நாளில் ஏற்றிவிடலாம். வெட்டிய சுவர் வளராது.

புதிய பவுல்டரிங் பகுதியின் வரைபடம் நன்றாகத்தான் இருக்கிறது, அந்தச் சாய்வுச் சுவர் எனக்கே ஆசையாக இருக்கிறது. ரூட் போடுகிறவர்களிடம் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள். எம்பிப் பாய்கிற ரூட்டாகவே போட்டுத் தள்ள வேண்டாம், ஐம்பதைத் தொடுகிறவர்களுக்கும் முட்டி என்று ஒன்று இருக்கிறது.

அப்புறம் ஒரு வேண்டுகோள். முடிவெடுக்கும் கூட்டம் இந்த மாதக் கடைசியில் என்று கேள்விப்பட்டேன். அதற்கு முன்னால் வருகிற வியாழக்கிழமை மாலை உங்களில் யாராவது ஒருவர் மூன்றாம் எண் கயிற்றடிக்கு வாருங்கள். உங்களை ஏறச் சொல்லவில்லை. நான் ஏறுகிறேன், நீங்கள் பிடியுங்கள். உங்கள் பயிற்சியாளர் பக்கத்திலேயே நின்று கற்றுக்கொடுப்பார். கயிற்றின் வால் பக்கத்தை டீச்சர் சேர்த்துப் பிடித்துக்கொள்வார், பயம் வேண்டாம். ஏறுவதற்கு முன் முடிச்சை நீங்களே தொட்டு எண்ணிப் பாருங்கள். உச்சியில் போய், "இறக்கிடுங்க" என்பேன். அதற்கப்புறம் எல்லாம் உங்கள் கையில்.

என் எடை எண்பத்து மூன்று கிலோ. உங்களுக்கு அதைவிட ரொம்பக் குறைவு என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், இடுப்பில் மாட்டிக்கொள்ள மணல் மூட்டையை எடுத்து வைக்கிறேன்.

இப்படிக்கு,
மூன்றாம் எண் கயிற்றடியில் ஆறு வருஷமாக நிற்கும் ஒருவன்